ஜெர்மனியிலும் 3%, இந்தியாவிலும் 3%: வேலையின்மை விகிதத்தை எப்படிப் படிக்கணும்?

வேலையின்மை விகிதம் பத்தி வீடியோல பேசும்போது கிராஃப் வேகமா ஓடிடும். ஒரு நாட்டை இன்னொரு நாட்டோட எப்படி ஒப்பிடறதுன்னு நிதானமா பாக்க எழுத்துதான் வசதி. அதனால இந்தக் கட்டுரையில ஆறேழு நாடுகளோட எண்களை எடுத்து, அது எப்படி ஏறுச்சு, எப்படி இறங்குச்சு, அதுல நம்ம பணத்துக்கு என்ன பாடம் இருக்குன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

முதல்ல ஒரு புதிர். 2023ல ஜெர்மனியோட வேலையின்மை விகிதம் சுமார் 3%. இந்திய அரசோட பிஎல்எஃப்எஸ் கணக்கெடுப்புப்படி 2022-23ல நம்ம விகிதம் 3.2%. அதே சமயம் தென்னாப்பிரிக்காவுல 30 சதவீதத்துக்கு மேல. அப்போ இந்தியாவும் ஜெர்மனியும் ஒரே நிலைமையிலயா இருக்கு? வேலை தேடி ஜெர்மனிக்குப் போறவங்க வெட்டியாவா போறாங்க? இல்லைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா ஏன் எண் ஒரே மாதிரி வருதுன்னு புரிஞ்சுக்கணும். ஏன்னா இந்த எண்ணைப் பாத்துத்தான் பலபேர் கல்விக் கடன் எடுக்கறாங்க, வீட்டுக் கடன் எடுக்கறாங்க, இருக்கற வேலையை விட்டுட்டு வெளிநாடு கிளம்பறாங்க.

யாரை "வேலை இல்லாதவர்"னு எண்ணுறாங்க?

சர்வதேச தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐஎல்ஓ, வச்சிருக்கிற வரையறையில மூணு நிபந்தனை இருக்கு. ஒருத்தருக்கு வேலை இருக்கக் கூடாது. வேலை கிடைச்சா சேரத் தயாரா இருக்கணும். சமீபத்துல வேலை தேடியும் இருக்கணும். இந்த மூணும் இருந்தாத்தான் அவர் கணக்குல வருவார்.

வேலை செய்யறவங்களையும், வேலை தேடறவங்களையும் சேர்த்தா வர்ற கூட்டத்துக்கு லேபர் ஃபோர்ஸ்னு பேர். அதுல வேலை தேடறவங்க எத்தனை சதவீதமோ அதுதான் வேலையின்மை விகிதம். வீட்டைப் பாத்துக்கறவங்க, படிக்கறவங்க, தேடித் தேடி அலுத்துப்போய் விட்டுட்டவங்க, இவங்க யாருமே இந்தக் கணக்குல இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு ஊர்ல 100 பெரியவங்க. 57 பேர் வேலை செய்யறாங்க, 3 பேர் தேடறாங்க. லேபர் ஃபோர்ஸ் 60. வேலையின்மை 5%. அடுத்த மாசம் தேடிட்டிருந்த 3 பேர்ல 2 பேர், "இனி கிடைக்காது"ன்னு தேடறதை நிறுத்திட்டாங்க. இப்போ லேபர் ஃபோர்ஸ் 58, தேடறது 1 ஆள். விகிதம் 1.7%. ஒருத்தருக்குக்கூட புதுசா வேலை கிடைக்கலை. ஆனா செய்தித்தாள்ல "வேலையின்மை மூணுல ஒரு பங்கா குறைஞ்சது"ன்னு தலைப்பு வரும்!

அதனாலதான் வேலையின்மை விகிதத்தை எப்பவும் தனியா பாக்கக் கூடாது. பங்கேற்பு விகிதத்தையும், அதாவது மொத்த மக்கள்ல எத்தனை சதவீதம் பேர் லேபர் ஃபோர்ஸ்ல இருக்காங்கங்கறதையும், பக்கத்துல வச்சுத்தான் பாக்கணும்.

அமெரிக்கா: வேகமா ஏறும், வேகமா இறங்கும்

அமெரிக்காவுல மாசாமாசம் சுமார் 60,000 குடும்பங்களைக் கேட்டு இந்த எண்ணை எடுக்கறாங்க. நீண்ட வரலாறு உள்ள கணக்கு. பெருமந்த காலத்துல, 1933ல, விகிதம் சுமார் 25 சதவீதத்தைத் தொட்டுச்சுன்னு மதிப்பிடறாங்க. 1982 கடைசியில 10.8%. 2009 அக்டோபர்ல 10%. 2020 பிப்ரவரியில 3.5% இருந்தது, ரெண்டே மாசத்துல, ஏப்ரல்ல 14.8% ஆயிடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது உச்சத்தை மட்டும் இல்லை, இறங்க எடுத்துக்கிட்ட காலத்தையும். 2009ல 10 சதவீதத்துல இருந்து 5 சதவீதத்துக்குக் கீழே வர 2016 வரைக்கும், ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 2020ல 14.8ல இருந்து 4 சதவீதத்துக்குக் கீழே வர இருபது மாசம்தான். 2020ல பலபேருக்கு அது தற்காலிக லே-ஆஃப். கடை திறந்ததும் பழைய முதலாளியே கூப்பிட்டுக்கிட்டார். 2008-09ல வங்கிகளும் வீட்டுச் சந்தையும் விழுந்ததால, அந்த வேலைகள் பலதும் திரும்பி வரவே இல்லை.

அந்தச் சமயத்துல இன்னொரு எண் பயமுறுத்துச்சு. 2010ல வேலை இல்லாம இருந்தவங்கள்ல சுமார் 45% பேர் 27 வாரத்துக்கு மேல, அதாவது ஆறு மாசத்துக்கு மேல, தேடிக்கிட்டே இருந்தாங்க. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, எமர்ஜென்சி ஃபண்ட் பத்திப் பேசும்போது திரும்ப வருவோம்.

ஜெர்மனி: வேலையை வெட்டாம நேரத்தை வெட்டுனாங்க

2023ல சுமார் 3 சதவீதத்துல இருந்த ஜெர்மனி, 2005ல 11 சதவீதத்துல இருந்தது. 50 லட்சம் பேருக்கு மேல வேலை இல்லாதவங்களா பதிவு பண்ணியிருந்தாங்க. "ஐரோப்பாவோட நோயாளி"ன்னு அப்போ பத்திரிகைகள்ல எழுதினாங்க. 2003 முதல் 2005 வரை ஹார்ட்ஸ் சீர்திருத்தங்கள் வந்துச்சு. வேலை இல்லாதவங்களுக்கான நீண்டகால உதவித் தொகையைக் குறைச்சாங்க, வேலைவாய்ப்பு அலுவலகங்களை மாத்தியமைச்சாங்க, குறைந்த சம்பள "மினி ஜாப்" முறையை விரிவாக்கினாங்க. விகிதம் படிப்படியா இறங்குச்சு. குறைந்த சம்பள வேலைகள் அதிகமாயிடுச்சுங்கற விமர்சனமும் கூடவே வந்துச்சு.

உண்மையான ஆச்சரியம் 2009ல நடந்தது. அந்த வருஷம் ஜெர்மனியோட ஜிடிபி 5 சதவீதத்துக்கு மேல சுருங்குச்சு. ஆனா வேலையின்மை கிட்டத்தட்ட அசையவே இல்லை. காரணம் குர்ட்ஸ்ஆர்பைட்ங்கற திட்டம். ஆர்டர் இல்லைன்னா ஆளைத் தூக்காம, எல்லாருக்கும் வேலை நேரத்தைக் குறைச்சிடுவாங்க. குறையற சம்பளத்துல பெரும்பகுதியை அரசு கொடுக்கும். 2020 ஏப்ரல்ல சுமார் 60 லட்சம் பேர் இந்தத் திட்டத்துல இருந்தாங்க. அவங்க எல்லாரும் புள்ளிவிவரத்துல "வேலையில இருக்கறவங்க". அதே ஏப்ரல்ல அமெரிக்க விகிதம் 14.8. ரெண்டு நாட்டுலயும் தொழிற்சாலை மூடித்தான் இருந்தது. அதைத் தாங்கின விதம் வேற, அதனால எண்ணும் வேற.

ஸ்பெயின்: வீடு கட்டும்போது சிரிச்சவங்க

2007ல ஸ்பெயினோட விகிதம் 8 சதவீதம். அந்த நாட்டு வரலாறுல அது ரொம்ப நல்ல எண். கட்டுமானம் கொடிகட்டிப் பறந்தது. ஆனா மூணுல ஒரு தொழிலாளி தற்காலிக ஒப்பந்தத்துல இருந்தார். வீட்டு விலை சரிஞ்சதும் ஒப்பந்தம் முடியறவங்களைப் புதுப்பிக்காம விட்டாலே போதும், ஆட்குறைப்பு முடிஞ்சது. 2013 தொடக்கத்துல விகிதம் சுமார் 27%. 25 வயசுக்குக் கீழே உள்ளவங்கள்ல 55 சதவீதத்துக்கு மேல.

இதுல நமக்கு நேரடியா ஒரு பாடம் இருக்கு. ஸ்பெயின்ல வீட்டுக் கடன் கட்ட முடியாம வீட்டை வங்கி எடுத்துக்கிட்டாலும், வீட்டை வித்த பணம் கடனுக்குப் பத்தலைன்னா மீதிக் கடன் கடன்காரர் தலைமேலயே நிக்கும். வேலையும் போய், வீடும் போய், கடன் மட்டும் மிச்சமான குடும்பங்கள் ஏராளம். வேலை போற காலமும் வீட்டு விலை விழற காலமும் ஒண்ணா வரும்ங்கறதை அந்த நாடு காட்டுச்சு. "கஷ்டம்னா வீட்டை வித்துடலாம்"ங்கற திட்டம் அந்த நேரத்துல கைகொடுக்காது.

2020ல ஸ்பெயினும் ஜெர்மனி வழிக்கு வந்துச்சு. இஆர்டிஇங்கற திட்டத்துல உச்சத்துல 30 லட்சம் பேருக்கு மேல வேலையில இருந்து விலகாமலே வீட்டுல இருந்தாங்க. அதனால இந்த முறை விகிதம் 16 சதவீதத்தோட நின்னுடுச்சு. 2024ல சுமார் 11%. இறங்கியிருக்கு, ஆனா 2007ல இருந்த 8 சதவீதத்துக்கு பதினேழு வருஷம் கழிச்சும் திரும்பி வரலை.

ஜப்பான்: எண் நல்லா இருக்கு, சம்பளம்?

ஜப்பான்ல 2002லயும் 2009லயும் வந்த உச்சமே சுமார் 5.5%தான். 2019ல 2.4%. 2020ல உலகமே ஆடினப்போ அங்க 3.1 சதவீதத்தைத் தாண்டலை. கேக்க சொர்க்கம் மாதிரி இருக்கும்.

ஆனா 1990கள்ல பொருளாதாரக் குமிழி உடைஞ்சப்போ, கம்பெனிகள் பழைய ஆட்களைத் தூக்காம, புது ஆட்களை எடுக்கறதை நிறுத்திட்டாங்க. 1993ல இருந்து 2005 வரைக்கும் படிப்பு முடிச்சு வந்தவங்களை அங்க "வேலைவாய்ப்பு பனிக்காலத் தலைமுறை"ன்னு சொல்றாங்க. நிரந்தர வேலை கிடைக்காம பகுதிநேர, ஒப்பந்த வேலைகள்லயே பலரோட வாழ்க்கை போயிடுச்சு. 1990ல அஞ்சுல ஒருத்தர் நிரந்தரமில்லாத வேலையில இருந்தார். 2019ல அது சுமார் 38%. சம்பளமும் முப்பது வருஷமா பெருசா ஏறலை. வேலையின்மை விகிதம் இதுல எதையும் காட்டாது. வேலை இருக்கான்னு மட்டும்தான் அது கேக்கும், என்ன வேலைன்னு கேக்காது.

இந்தியா: சும்மா இருக்க வசதி வேணும்

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். பிஎல்எஃப்எஸ் வருடாந்திர எண்கள் இப்படிப் போகுது: 2017-18ல 6.1%, 2018-19ல 5.8%, 2019-20ல 4.8%, 2020-21ல 4.2%, 2021-22ல 4.1%, 2022-23ல 3.2%, 2023-24ல 3.2%.

ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. ஊரடங்கு போட்ட வருஷங்கள்லயும் எண் குறைஞ்சிருக்கு! அது எப்படி? நகரத்துல வேலை போனவங்க ஊருக்குத் திரும்பி குடும்ப நிலத்துல இறங்கினாங்க. 2018-19ல 42.5% பேர் விவசாயத்துல இருந்தாங்க. 2020-21ல அது 46.5% ஆயிடுச்சு. வளர்ற நாட்டுல மக்கள் விவசாயத்துல இருந்து வெளியே வரணும், இங்க உள்ளே போயிருக்காங்க. ஆனா கணக்குப்படி அவங்களுக்கு "வேலை இருக்கு".

அதே மாதிரி சுயதொழில் செய்யறவங்க 2017-18ல 52.2%, 2023-24ல 58.4%. இதுல பெரிய கடை வச்சிருக்கறவரும் உண்டு, வண்டியில பழம் விக்கறவரும் உண்டு, குடும்பக் கடையில சம்பளமே இல்லாம உக்காந்திருக்கற பிள்ளையும் உண்டு. மாசச் சம்பளக்காரங்க பங்கு இதே காலத்துல 22.8ல இருந்து 21.7 சதவீதமா குறைஞ்சது.

அளக்கற முறையும் முக்கியம். மேல சொன்ன எண்கள் ஒரு வருஷம் முழுக்க ஒருத்தர் வழக்கமா என்ன செஞ்சார்னு பாக்கற முறை. "போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?"ன்னு கேக்கற வாராந்திர முறையில அதே 2023-24க்கு 4.9% வருது. ஒரே கணக்கெடுப்பு, ஒரே வருஷம், ரெண்டு எண். 2025 மே மாசத்துல இருந்து மாதாந்திர எண் வர ஆரம்பிச்சிருக்கு, அது வாராந்திர முறை. முதல் எண், 2025 ஏப்ரலுக்கு, 5.1%. இதை பழைய 3.2 பக்கத்துல வச்சு "ஒரே வருஷத்துல வேலையின்மை எகிறிடுச்சு"ன்னு சொன்னா தப்பு. ஆப்பிளையும் ஆரஞ்சையும் ஒரே தராசுல வச்ச கதைதான்.

படிச்சவங்க நிலைமை தனி. ஐஎல்ஓ வெளியிட்ட 2024 இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைப்படி, 2022ல பட்டம் படிச்ச இளைஞர்கள்ல 29.1% பேர் வேலை இல்லாதவங்க. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்கள்ல அது 3.4%தான். படிக்காதவருக்கு வேலை கொட்டிக் கிடக்குன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அவரால ஒரு நாள்கூட சும்மா இருக்க முடியாது, கிடைச்ச கூலிக்குப் போயிடுவார். பட்டதாரிக்கு, அப்பா அம்மா சாப்பாடு போடற வரைக்கும், தகுந்த வேலைக்காகக் காத்திருக்க முடியும்.

மாநிலங்களைப் பாத்தாலும் இதே கதை. 2023-24ல கேரளா 7.2%, தமிழ்நாடு 3.5%, மத்தியப் பிரதேசம் சுமார் 1%. எண்ணை மட்டும் நம்பினா கேரளாக்காரங்க போபாலுக்கு ரயில் ஏறணும். நிஜத்துல வட மாநிலத் தொழிலாளிங்கதான் கேரளாவுக்கும் நம்ம திருப்பூருக்கும் வர்றாங்க.

தென்னாப்பிரிக்கா, இலங்கை, கத்தார்: மூணு விதமான எண்

தென்னாப்பிரிக்காவுல 2008ல சுமார் 23 சதவீதமா இருந்தது, 2021 கடைசியில 35.3% ஆச்சு. தேடறதை விட்டுட்டவங்களையும் சேர்த்த விரிவான கணக்குல 46%. அங்க இந்தியா மாதிரி தெருவோர வியாபாரமும் குடும்ப நிலமும் பெரிய அளவுல கிடையாது. நிறவெறி ஆட்சிக் காலத்துல கறுப்பின மக்களை நகரங்களுக்கு வெளியே தள்ளி, தொழில் பண்ணவும் விடாம வச்சிருந்தாங்க. அதனால வேலை இல்லைன்னா ஒதுங்க இடம் இல்லை, அது அப்படியே எண்ணுல தெரியுது.

இலங்கை நேர் எதிர். 2022ல பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல சுருங்குச்சு. பெட்ரோலுக்கு நாள் கணக்குல வரிசை. ஆனா வேலையின்மை 2021ல 5.1, 2022ல 4.7. குறைஞ்சிருக்கு! அந்த ஒரே வருஷத்துல 3 லட்சம் பேர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாங்க. இருந்தவங்க கிடைச்சதைச் செஞ்சாங்க. அடி விழுந்தது விலைவாசி வழியா, சம்பளத்தோட மதிப்பு மேல.

கத்தார்ல விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே. அங்க வேலை செய்யறவங்கள்ல பெரும்பாலானவங்க வெளிநாட்டுக்காரங்க, விசா வேலையோட கட்டினது. வேலை போனா சில மாசத்துல ஊருக்குத் திரும்பணும். அப்போ அந்த வேலையின்மை கத்தார் கணக்குல வராது, ராமநாதபுரத்துலயோ கடப்பாவுலயோ வந்து நிக்கும்.

எந்த எண்ணைப் பாத்தாலும் இந்த அஞ்சு கேள்வி கேளுங்க

1. எந்த முறையில அளந்தது? வருஷக் கணக்கா, வாரக் கணக்கா? ஒரே முறையில அளந்த எண்களை மட்டும் ஒப்பிடுங்க.

2. பங்கேற்பு விகிதம் என்ன ஆச்சு? அதுவும் விழுந்து வேலையின்மையும் விழுந்தா சந்தோஷப்பட ஒண்ணும் இல்லை.

3. இளைஞர்களுக்கு, பட்டதாரிகளுக்குத் தனி எண் என்ன? சீனாவுல 2023 ஜூன்ல மொத்த நகர விகிதம் சுமார் 5%. 16 முதல் 24 வயசுக்காரங்களுக்கு 21.3%. அதுக்கப்புறம் அந்த எண்ணை வெளியிடறதையே சில மாசம் நிறுத்திட்டு, மாணவர்களைக் கழிச்ச புது முறையில திரும்ப ஆரம்பிச்சாங்க.

4. வேலை போனவங்க எத்தனை மாசம் தேடறாங்க?

5. கிடைக்கற வேலை எப்படிப்பட்டது? மாசச் சம்பளமா, ஒப்பந்தமா, சம்பளமில்லாத குடும்ப வேலையா?

இனி நம்ம பணத்துக்கு வருவோம்

நாட்டோட விகிதம் 3 ஆனாலும் 30 ஆனாலும், உங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் ரெண்டே எண்தான். வேலை இருந்தா 0%, போனா 100%. அதனால எமர்ஜென்சி ஃபண்டை நாட்டு விகிதத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. உங்க துறையில, உங்க வயசுல, உங்க சம்பளத்துல அடுத்த வேலை கிடைக்க எத்தனை மாசம் ஆகும்? அதை வச்சு முடிவு பண்ணுங்க. 2010 அமெரிக்காவுல பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேருக்கு ஆறு மாசம் பத்தலைங்கறதை மேலே பாத்தோம்.

உதாரணமா, இஎம்ஐ, வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாசம் 40,000 ரூபாய் கட்டாயச் செலவுன்னு வச்சுக்கோங்க. ஆறு மாசத்துக்கு 2,40,000. ஒன்பது மாசத்துக்கு 3,60,000. ஒரே சம்பளத்துல ஓடற குடும்பம், 40 வயசைத் தாண்டினவங்க, ஒப்பந்த வேலையில இருக்கறவங்க ஒன்பதை நோக்கிப் போங்க. அந்தப் பணம் எஃப்டி, லிக்விட் ஃபண்ட் மாதிரி உடனே எடுக்கற இடத்துல இருக்கணும். ஸ்பெயின் கதை ஞாபகம் இருக்கட்டும்: வேலை போற நேரத்துலதான் ஷேரும் நிலமும் விலை விழுந்து கிடக்கும்.

கணவன் மனைவி ரெண்டு பேரும் ஒரே துறையில, அதுவும் ஒரே கம்பெனியில இருந்தா, அதை ரெண்டு வருமானம்னு எண்ணாதீங்க. ஒரே அடியில ரெண்டும் போகலாம். இஎம்ஐ போடும்போது ஒருத்தர் சம்பளத்துல அடைக்க முடியுமான்னு பாத்துக்கோங்க.

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப 30, 40 லட்சம் கடன் எடுக்கறவங்க இதைக் கண்டிப்பா கவனிங்க. "அங்க வேலையின்மை 4%தான்"னு ஏஜென்ட் சொல்ற எண் அந்த நாட்டு மக்களுக்கானது. உங்க பிள்ளைக்கு விசாவுல எத்தனை நாள் இருக்குன்னு பாருங்க. அமெரிக்காவுல எச்1பியில இருக்கறவர் வேலை போனா 60 நாளுக்குள்ள அடுத்த வேலையோ வேற வழியோ தேடணும். ஜெர்மனியில படிப்பு முடிச்சவங்களுக்கு வேலை தேட 18 மாசம் வரைக்கும் கிடைக்கும், ஆனா பெரும்பாலான வேலைக்கு ஜெர்மன் மொழி வேணும். அந்த நாளுக்குள்ள வேலை அமையலைன்னா இஎம்ஐயை இங்க இருந்து யார் கட்டுவாங்கங்கற கேள்விக்கு பதில் இருந்தா மட்டும் கையெழுத்துப் போடுங்க.

அடுத்த தடவை "வேலையின்மை குறைஞ்சது"ன்னு ஒரு தலைப்பு கண்ணுல பட்டா, அந்த அஞ்சு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. அப்படியே உங்க கட்டாய மாசச் செலவை ஒரு பேப்பர்ல எழுதி, கையில இருக்கற சேமிப்பை அதால வகுத்துப் பாருங்க. வர்ற விடைதான் நீங்க எத்தனை மாசம் தாங்குவீங்கங்கற கணக்கு. அந்த எண்ணை மட்டும் கமெண்ட்ல போடுங்க, அதைக் கூட்டற வழிகளை அடுத்த வீடியோல பேசலாம்.